கப்பலேறாத நான்கு துணிகள்

திருவண்ணாமலையில் ஆசிரமங்கள் இருக்கும் செங்கம் ரோட்டில் அந்த நாட்களில் மூன்று வகை வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். மௌனமாக இருப்பவர்கள், மௌனத்தைப் பற்றிப் பேசுபவர்கள், மௌனத்தை விற்பவர்கள். என் முதலாளி அம்மையார் இரண்டாம் வகையிலிருந்து மூன்றாம் வகைக்கு நகர்ந்துகொண்டிருந்த சமயத்தில் நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பம் படித்து முடித்து, எழுபதுகளின் கடைசியில் ஊர் திரும்பியிருந்தேன். நூல், சாயம், நெசவு மூன்றுக்கும் என்னிடம் சான்றிதழ் இருந்தது. மூன்றுக்கும் திருவண்ணாமலையில் வேலை இல்லை. ஆரணியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார், பெண் படித்திருந்தாலும் பரவாயில்லை என்று பெருந்தன்மையோடு சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெருந்தன்மைக்கும் எனக்கும் நடுவில் நின்றது அம்மையாரின் மாட்டுக் கொட்டகை ஒன்றுதான். ஆசிரமத்துக்குப் பின்னால் அவர் எடுத்திருந்த வாடகை வீட்டில் மாடு இல்லாத கொட்டகை இருந்தது. அதற்குச் சுண்ணாம்பு அடித்துப் பணிக்கூடம் ஆக்கியிருந்தார்.

அம்மையார் துணியில் ஓவியம் செய்வார். செய்வார் என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காலையில் மலையைப் பார்த்து உட்கார்ந்து, விரலால் காற்றில் ஒரு வளைவு போடுவார். அதை நான் அளவுத்தாளில் வரைந்து, எத்தனை கெஜம், எந்தச் சாயம், எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு என்று குறித்து, துணியைச் சாயத்தில் போட்டு எடுப்பேன். பிறகு அதை வெட்டி, துணிமேல் துணி வைத்துத் தைப்பது டவுனில் தையல் கடை வைத்திருந்த பாயின் வேலை. தைத்து வந்ததும் அம்மையார் அதன் முன் கண்ணை மூடி உட்காருவார். கண்ணைத் திறந்து "ம்" என்பார். அந்த "ம்" போட்ட பிறகு அது அவருடைய படைப்பு.

அப்படி நான்கு துணிகள் தயாராயின. ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. மலையை நான்கு திசையிலிருந்தும் பார்த்தால் எப்படியிருக்கும் என்பது கரு. கிழக்குக்குச் சிவப்பு, தெற்குக்குக் காவி, மேற்குக்கு நீலம். வடக்குத் திசைக்கு முழுக் கறுப்புத் துணி, நடுவில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம். அதன் பெயர் 'வெறுமை'. பாய் அதைத் தைத்து முடித்த அன்று, மீதியை எப்போது தைக்க வேண்டும் என்று கேட்டார். மீதி இல்லை, அவ்வளவுதான் என்றேன். அவர் என்னை, சேலத்தில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுபோல் பார்த்தார்.

பாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் குடும்பம் நவாபு காலத்திலிருந்தே இந்த ஊரில் தையல்தான். கல்யாணக் கோட்டு, போலீஸ் உடுப்பு, கோயில் தேருக்கு நாலு பக்கமும் தொங்கவிடும் தேர்ச்சீலை எல்லாம் ஒரே மெஷினில் வரும். எதுவும் சொன்ன நாளில் வராது. எதைக் கேட்டாலும் "ஆயிடுச்சு தங்கச்சி, பொத்தான் மட்டும்தான் பாக்கி" என்பார். பொத்தானே இல்லாத சுவர்த் துணிக்கும் அதையே சொன்னார்.

நான்கு துணிகளும் அம்மையாருடைய நாட்டுக்குப் போக வேண்டும். அங்கே அவருடன் கூடப் படித்த ஒருவர் கண்காட்சிக் கூடம் ஒன்றைப் பேசி வைத்திருந்தார். தங்கை இந்தியாவுக்குப் போய்ப் புத்தி பேதலித்துவிட்டாள் என்பது அம்மையாருடைய அண்ணனின் முடிவு. துணிகள் அந்தச் சுவரில் தொங்கினால் அவர் கலைஞர். தொங்காவிட்டால் அண்ணன் சொன்னது சரி. பணிக்கூடத்தை மூடிவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று அவரே சொன்னார். நானும் கிளம்ப வேண்டியதுதான். ஆரணி அதைவிடப் பக்கம்.

துணியைத் தானே கொண்டுபோகலாமே என்று யாரும் கேட்கலாம். அம்மையார் மலையை விட்டு நீங்குவதில்லை என்று சங்கல்பம் எடுத்திருந்தார். நம்மூரில் அது புதிதல்ல. இந்த எல்லையைத் தாண்டாமலே வாழ்ந்து முடிப்பவர்கள் உண்டு. அவர் சங்கல்பத்தில் பாண்டிச்சேரிப் பல் டாக்டருக்கு மட்டும் விலக்கு இருந்தது.

எனவே துணிகள் லாரியில் சென்னைக்கும், அங்கிருந்து ஏஜெண்டு மூலம் கப்பலுக்கும் போவதாக ஏற்பாடு. கட்டும் வேலை என்னுடையது. மூங்கில் கழியில் சுற்றி, இடையில் தாள் வைத்து, வேப்பிலை போட்டு, மேலே காடாத்துணி வைத்துக் கோணி ஊசியால் தைத்தேன். இரண்டு முனையிலும் விலாசம். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்கு அம்புக்குறிகள். சேலத்தில் சிப்பம் கட்டுவது தனிப் பாடம். நான் அதில் முதலாவதாக வந்தவள். லாரி ஆபீசுக்குத் தானும் ஒரு கட்டு அனுப்ப வேண்டியிருப்பதாகவும், இரண்டையும் ஒரே கைவண்டியில் சேர்த்துவிடுவதாகவும் பாய் சொன்னார். அவர் சொன்ன நாளில் நடந்த ஒரே காரியம் அதுதான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பங்குனியில் போன துணிக்கு வைகாசி கடைசியில் தந்தி வந்தது. கண்காட்சிக்கு நாள் நெருங்கிவிட்டது, துணி வரவில்லை.

அன்று மாலைக்குள் செங்கம் ரோடு முழுவதும் செய்தி பரவி, ரோடு முழுவதும் பதில் சொன்னது. கலை என்பதே ஒரு பற்று, மலை அதை வாங்கிக்கொண்டது என்றார் ஒரு சாமியார். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் உலகப் படத்தை விரித்து, நூலில் கட்டிய ருத்திராட்சத்தை அதன்மேல் ஆட்டிப் பார்த்தார். அது ஆப்பிரிக்காவுக்கு மேல் நின்றது. டீக்கடைக்காரர் மட்டும், லாரி ஆபீசில் கேட்டீர்களா என்றார். அவருக்கு ஆன்மிகம் கம்மி.

லாரி ஆபீசில் கேட்டேன். எங்கள் கையை விட்டுப் போய்விட்டது என்றார் குமாஸ்தா. ரசீதைக் காட்டினேன். ரசீது இருக்கிறது என்றால் போய்விட்டது என்றுதானே அர்த்தம் என்று என்னையே திருப்பிக் கேட்டார். பஸ் பிடித்துச் சென்னை போய் ஏஜெண்டிடம் கேட்டேன். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்த அவர் பொறுமையான மனிதர்.

"எங்க கையில வந்தத நாங்க கப்பல்ல ஏத்திட்டோம்மா. கப்பல் லேட்டு, கடல்ல இருக்குது. கடல்ல இருக்கறதத் தேடணும்னா கடலுக்குத்தான் போவணும்."

அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தத் தேடலில் நான் சந்தித்த யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் தங்கள் கையை விட்டுப் போய்விட்டது என்றார்கள். போனது எது என்று மட்டும் யாரும் பார்த்திருக்கவில்லை.

ஊர் திரும்பி, என் சிப்பத்தைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று கேட்கப் பாயிடம் போனேன். கடையில் வெள்ளை வேட்டியும் துண்டுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா. அந்தக் கோயில் தேருக்கு இந்த வருஷம் சீலை தைத்தது பாய்தான். தர்மகர்த்தா ஒரு குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சண்டையாகச் சொல்லவில்லை, வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்.

"துணி நல்ல துணிதான் பாய். சாயம் கையில ஒட்டலை, மழை பேஞ்சும் கலங்கலை. ஆனா சிங்கம் எங்க? கிளி எங்க? நாலு பக்கமும் மலையா போட்டு வச்சிருக்கீங்க. அண்ணாமலையார் பெரியவருதான், இல்லேங்கலை. இருந்தாலும் மாரியாத்தா தேருல அவருக்கு இன்னா வேலைன்னு பொம்பளைங்க கேக்கறாங்க."

சாயம் கலங்கவில்லை என்று அவர் சொன்னபோது என் மனம் முதலில் மகிழ்ந்தது. அந்தச் சிவப்பைக் கலங்காமல் நிறுத்த நான் நாலு தடவை முயன்றிருந்தேன். அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. நான் பாயைப் பார்த்தேன். பாய் மெஷினைப் பார்த்தார்.

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. கைவண்டி கிளம்பும்போது தூறல் போட்டிருக்கிறது. நனையக் கூடாதே என்று பாய் இரண்டு கட்டின்மேலும் கோணி சுற்றித் தைத்துவிட்டார். என் விலாசங்களும் அம்புக்குறிகளும் கோணிக்குள் பத்திரமாக இருந்தன. இரண்டிலும் நான்கு நான்கு துணி, இரண்டும் மூங்கில், இரண்டும் அவர் கைத்தையல். லாரி ஆபீசில் குமாஸ்தா மசியும் தூரிகையுமாக, எது எங்கே என்று கேட்டிருக்கிறார். பாய் வண்டியிலிருந்தே பதில் சொல்லியிருக்கிறார், பெரிசு சாமியோடது, சின்னது அம்மாவோடது என்று.

"பெரிசு எங்களோடது பாய்," என்றேன்.

"அது எனக்கெப்படித் தெரியும் தங்கச்சி?"

"நீங்கதானே தச்சீங்க."

"தச்சேன். துண்டு துண்டாத்தானே தச்சேன். சுருட்டிக் கட்டினப்புறம் நான் அளவா எடுத்தேன்? நீயே சொல்லு, சாமி துணியைவிட மனுஷி துணி நீளமா இருக்கும்னு எவனாவது நெனப்பானா?"

தர்மகர்த்தா தலையை ஆட்டினார். நியாயம்தான் என்றார். கடையில் இருந்த மூவரில் இருவருக்கு அது நியாயமாகப் பட்டது. நானோ டிப்ளமோக்காரி, சிறுபான்மை.

கட்டைப் பிரித்ததுமே தெரிந்திருக்குமே, ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று தர்மகர்த்தாவைக் கேட்டேன். அவர்கள் ஊரில் காப்புக் கட்டிய பிறகுதான் தேர்ச்சீலையைப் பிரிப்பார்களாம். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊரார் யாரும் எல்லையைத் தாண்டக் கூடாது. பிரித்துப் பார்த்தார்கள், சிங்கம் இல்லை, எல்லை தாண்ட முடியாது, நாளைக்குத் தேர். வேறு என்ன செய்வது, மலையையே மாட்டித் தேரை இழுத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் எல்லை தாண்டாத அம்மையார், அந்தப் பக்கம் எல்லை தாண்டாத ஊர். நடுவில் எல்லை தாண்டியது பாயின் சிங்கங்கள்தான்.

நான் சொல்லி முடிக்கும்வரை அம்மையார் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது "ம்" வரவில்லை. தன் கண்காட்சிக் கூடத்தில் யாரோ கட்டைப் பிரித்து, தேர்ச்சிங்கத்தைத் தன் பெயருக்குக் கீழே மாட்டப்போகிறார்கள் என்பதுதான் அவருக்கு முதலில் பட்டது. வருவது என்னுடையதல்ல, மாட்ட வேண்டாம் என்று தந்தி எழுதச் சொன்னார். எழுதினேன். உடனே, கொஞ்சம் பொறு என்றார். கிராமத்திலிருந்து துணிகளை வாங்கிவிட்டால் விமானத்தில் அனுப்பிவிடலாம், இன்னும் நாள் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துத் தந்தி கொடுக்கலாம்.

சங்கல்பம் என்ன ஆவது என்று கேட்டேன். அந்தக் கிராமத்திலிருந்து மலை தெரியுமா என்றார். வயல்வெளியில் நின்றால் தெரியும் என்றேன். தெரிகிறவரைக்கும் நீங்கியதாகாது என்று அவர் முடிவு செய்தார். சங்கல்பம் இப்படி அகலமாவதை அன்று நேரில் பார்த்தேன். மாட்டுக் கொட்டகையில் போட்ட சாயத் துணிகூட இவ்வளவு நீளாது.

தேர் தகரக் கொட்டகையில் நின்றது. சீலைகளை இன்னும் கழற்றவில்லை. சிவப்பு, காவி, நீலம் மூன்றும் புழுதி படிந்து, ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு தொங்கின. அம்மையார் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துச் சுற்றி வந்தார். பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

'வெறுமை'யின் வெள்ளை வட்டத்துக்குள் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. பச்சை ரவிக்கைத் துணியில் வெட்டிய கிளி, சிவப்பு மூக்கு, வாயில் ஒரு மாம்பழம். சுற்றிலும் ஜரிகை. கறுப்புத் துணி அம்மனுக்கு ஆகாது, நடுவில் ஓட்டை மாதிரி வேறு இருக்கிறது என்று ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து ஒரே நாளில் தைத்துச் சரி செய்திருக்கிறார்கள். தையல் சுத்தமாகத்தான் இருந்தது.

துணிகளைத் திருப்பித் தரக் கேட்டேன். தேர் ஏறியதை இறக்கிக் கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார் தர்மகர்த்தா. எங்கள் சிங்கங்கள் வரட்டும், பிறகு ஊர் கூடிப் பேசலாம் என்றார். குரலில் கொஞ்சமும் விரோதம் இல்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார். நாங்கள் நின்றிருந்தபோதே ஒரு பெண் இடுப்புக் குழந்தையோடு வந்து, கிளிக்கு நேராகச் சூடம் கொளுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். அம்மையார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் துணிக்கு முன்னால் ஒருவர் இப்படி நிற்க வேண்டும் என்றுதான் அவர் இத்தனை வருஷம் கண்ணை மூடி உட்கார்ந்தார். நின்றாள்; ஆனால் கிளிக்கு.

கடைசியில் அவர் தன் தமிழில், திருத்தமாக, தர்மகர்த்தாவிடம் கேட்டார்.

"அந்தக் கிளியை மட்டும் எடுத்துவிடலாமா?"

தர்மகர்த்தா துணியை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

"கிளி போயிடுச்சுன்னா மீதி இன்னாம்மா இருக்குது?"

பஸ்ஸில் அம்மையார் பேசவில்லை. அவர் உண்மையிலேயே மௌனமாக இருந்து நான் பார்த்தது அந்தப் பயணத்தில்தான்.

வீட்டுக் கதவில் தந்தி செருகியிருந்தது. துணிகள் வந்து சேர்ந்தன, மாட்டிவிட்டோம், அற்புதம், சிங்கங்கள் பேசுகின்றன, இன்னும் நான்கு வேண்டும். அம்மையார் அதை நின்றபடி படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். நான் எழுதி வைத்திருந்த தந்தி என் பைக்குள் இருந்தது. தபால் ஆபீஸ் மூட இன்னும் நேரம் இருந்தது. அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார்.

பின்னால் பத்திரிகைக் கத்தரிப்பு ஒன்றும் தபாலில் வந்தது. படத்தில் பாயின் சிங்கம் நாக்கைத் தொங்கவிட்டு நின்றது. வருஷக்கணக்கான தியானத்தில் மட்டுமே இப்படி உள்நோக்கிய பார்வை சாத்தியம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அந்தக் கண்கள் ஒரு கல்யாணக் கோட்டுக்கு வாங்கி மிஞ்சிய பொத்தான்கள். அண்ணனும் வந்து பார்த்தாராம். தங்கையைப் பற்றிய தன் கருத்தை மாற்றிக்கொண்டாராம்.

தைத்தவர் பெயரை எழுதி அனுப்பலாமா என்று நான் கேட்டேன். அம்மையார் மலையைப் பார்த்தார். இது யாருடைய செயலும் அல்ல, மலையின் செயல் என்றார். மலைக்குப் பொத்தான் தைக்கத் தெரியுமா என்று எனக்கு வாய்வரை வந்தது. ஆரணியை நினைத்து விழுங்கிக்கொண்டேன். தன் நண்பருக்கு அவர் எழுதிய பதிலில், இந்தச் சிங்கங்கள் என்னிடம் எப்படி வந்தன என்பதை என்னால் விளக்க முடியாது என்று ஒரு வரி இருந்தது. அதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

நான்கு சிங்கச் சீலைகளுக்குப் பாயிடம் ஆர்டர் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார். போன இடத்தில் தர்மகர்த்தாவின் ஆள் எனக்கு முன்னால் வந்துவிட்டுப் போயிருந்தான். மலை இருக்கட்டும், மாரியாத்தாவுக்குச் சிங்கச் சீலையும் நான்கு வேண்டும், கப்பலில் போனதன் அதே அளவு, அதே கிளி என்று ஊர் முடிவு செய்திருந்தது. எங்கள் துணிகள் இனி அவர்களுடையவை என்பது இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அம்மையாரிடம் சொன்னபோது, அவர் சரி என்று தலையசைத்தார். 'வெறுமை'யைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

பாயிடம், அவர் சிங்கம் வெளிநாட்டுச் சுவரில் தொங்குவதையும் அதற்குக் கிடைத்த பாராட்டையும் சொல்லி, கத்தரிப்பைக் காட்டினேன். அவர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"தலகீழா மாட்டலையே, அது போதும். போன தடவை ஒரு ஊர்ல அப்பிடித்தான் பண்ணானுங்க."

"அவங்க உங்க பேரைப் போடலை பாய்."

"தேருல மட்டும் எவன் போட்டான்? நீ சாயத்துக்கு வழி பாரு. உன் செவப்பு நல்லாருக்குன்னு அந்த ஊர்க்காரரே சொன்னாரில்ல, இந்தத் தடவை எட்டுக்கும் அதே செவப்பு போட்டுடு."

ஆக எனக்கு வேலை இரட்டிப்பானது. ஆரணிக்கு வீட்டிலிருந்து வேண்டாமென்று பதில் போனது. எட்டுத் துணிகளும் அந்த மாட்டுக் கொட்டகையில்தான் சாயம் ஏறின, பாயின் கடையில்தான் சிங்கம் ஆயின. கட்டும் நாள் வந்ததும் நான் கோணி ஊசியோடு போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை கோணிக்கு மேலேயே விலாசம், இரண்டு கட்டுக்கும் இரண்டு நிறக் கயிறு என்று பாயிடம் வரிசையாகச் சொன்னேன். அவர் பாதியிலேயே நிறுத்தினார்.

"எதுக்கு தங்கச்சி இவ்ளோ பாடு? எட்டும் ஒரே துணி. எது எங்க போனா இன்னா?"

யோசித்துப் பார்த்தேன். இரண்டு நிறக் கயிற்றையும் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். நாங்கள் அனுப்பிய எதுவும் அதற்குப் பிறகு தொலைந்ததில்லை.